அம்மாவுக்கு ஒரு கட்டில்

கடைகளில் எல்லா அளவுகளும் கிடைக்கின்றன, படுக்கப்போகிறவரின் அளவைத் தவிர. உளி பிடித்துப் பழகாத ஒரு டெல்லித் தமிழனின் எட்டு மாத அனுபவமும், அதற்குப் பின்னால் விரியும் இந்திய மரத்தின் கதையும்.

சத்தம் கேட்டு எழுந்து ஓடியபோது இரவு இரண்டேகால் மணி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார் அம்மா. "ஒண்ணுமில்லே, வழுக்கிடுத்து. நீ போய்ப் படு" என்றார். எலும்பு முறியவில்லை. இடுப்பில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. மறுநாள் பரிசோதித்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்: "கட்டில் எவ்வளவு உயரம்?"

அளந்து பார்த்தேன். பதினைந்து அங்குலப் பெட்டிக் கட்டில், அதன்மேல் எட்டு அங்குல மெத்தை. ஆக மொத்தம் 23 அங்குலம். அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை பதினைந்தே அங்குலம். கும்பகோணத்திலிருந்து டெல்லிக்கு வந்த நாள் முதல், 76 வயதில், ஒவ்வொரு இரவும் அவர் கட்டிலிலிருந்து இறங்கவில்லை, குதித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை.

உயரம் மட்டுமல்ல கோளாறு. உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமானால் பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள், புரியும். பெட்டிக் கட்டிலிலோ பலகை தரை வரை இறங்கி நிற்கிறது. குதிகால் போக இடமில்லை. இளைஞர்கள் இடுப்பு வலுவில் எழுந்துவிடுகிறார்கள். முதியவர்களுக்கு அந்த வலு இல்லை.

சரி, வேறு கட்டில் வாங்கிவிடலாம் என்று டெல்லியின் கீர்த்தி நகருக்குப் போனோம். நாட்டின் பெரிய மரச்சாமான் சந்தைகளில் ஒன்று அது. சாலையின் இருபுறமும் கடைகள். உள்ளே போகப் போக வார்னிஷ் வாடை. எல்லாக் கடைகளிலும் ஒரே கேள்வி: "கிங்கா, குயீனா?" படுக்கப்போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீளம், அகலம், நிறம், தலைமாட்டில் வைக்கும் மெத்தைத் துணி எல்லாவற்றிலும் தேர்வு உண்டு. உயரத்தில் கிடையாது. "அடியில் சாமான் வைக்க இடம் வேண்டாமா சார்ஜி?" என்று அதிசயித்தார் ஒரு கடைக்காரர்.

திரும்பி வரும் வழியில்தான் அந்த அசட்டுத் துணிச்சல் வந்தது. நானே செய்தால் என்ன?

பெட்டிக்குள் குடியிருக்கும் நகரம்

பெட்டிக் கட்டில் சும்மா பிறக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் குளிர்காலத்து ரஜாய்களையும் விருந்தினர் மெத்தையையும் எங்கே வைப்பது? வட இந்திய நகரங்களின் நடுத்தர வர்க்கம் கண்டுபிடித்த விடை அது. ஆனால் அந்தப் பெட்டி பெரும்பாலும் மரம் அல்ல. மரத்தூளையும் சீவலையும் பிசினில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மரம்போல அச்சிட்ட தாள்.

இந்தப் பலகையைக் குறை சொல்வது எளிது. அதற்கும் பயன் உண்டு: வளையாது, விலை குறைவு, காட்டு மரம் வெட்டத் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அதற்கு ஆகாது. ஒன்று தண்ணீர். வீடு துடைக்கும் ஈரம் அடியில் பட்டுக்கொண்டே இருந்தால் ஓரம் ஊறி உப்பும். உப்பியது திரும்பச் சுருங்காது. இன்னொன்று திருகாணி. ஒருமுறை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றாவது ஊரில் அலமாரி ஆடத் தொடங்கும்.

பிசினில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புதுப் பலகையைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த வாயுவைக் குறைவாக வெளிவிடும் பலகைகள் 'ஈ1', 'ஈ0' என்ற தரக்குறிகளோடு விற்கின்றன. வாங்கும்போது பலர் கேட்பது விலையைத்தான். இந்தக் குறியை அல்ல.

ஈர மரத்தின் பழிவாங்கல்

ஜூலையில் அம்மா விழுந்தார். ஆகஸ்டில் நான் மரம் வாங்கினேன். அதுவே முதல் தவறு.

கடையில் ஷீஷம் பலகைகள் அழகாக அடுக்கியிருந்தன. பழுப்பில் கறுப்புக் கோடுகள். தூக்கியபோது கனத்தது, 'நல்ல உறுதி' என்று நினைத்துக்கொண்டேன். அது உறுதியின் கனம் அல்ல, தண்ணீரின் கனம். வீடியோக்களைப் பார்த்து, நான்காவது மாடி பால்கனியில், ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை (கீழ்வீட்டுக்காரரோடு செய்துகொண்ட உடன்படிக்கை அப்படி) அறுத்து, இழைத்து, திருகாணி போட்டு, செப்டம்பர் கடைசியில் ஒரு கட்டிலை நிறுத்தினேன். மகள் போட்டோ எடுத்தாள். அம்மா அதில் படுத்தார்.

மழைக்காலம் போய் டெல்லியின் காற்று காய்ந்தது. நவம்பரில் ஒரு பக்கச் சட்டம் வில்லாக முறுக்கிக்கொண்டது. கால்களின் மூட்டில் விரல் நுழையும் இடைவெளி. புரண்டால் 'கிரீச்'. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் பெருக்கும்போது பார்த்தேன்: ஆடும் காலுக்கு அடியில் நாலாக மடித்த தினத்தாள் செருகியிருந்தது. மகன் செய்தது ஆடக்கூடாது என்று அவரே செருகியிருக்கிறார்.

மரம் ஏன் இப்படிச் செய்கிறது? வெட்டிய மரம் காயும்போது சுருங்குகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. நீளவாக்கில் ஏறக்குறையச் சுருக்கமே இல்லை. குறுக்குவாட்டில்தான் சுருக்கம், அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் பலகை கோணுகிறது, முறுக்குகிறது, வெடிக்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. மழையில் ஈரம் குடித்து விரியும், கோடையில் கக்கிச் சுருங்கும். பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். சட்டத்துக்குள் வெட்டிய பள்ளத்தில் நடுப்பலகை பசையில்லாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். பலகை மூச்சு விட இடம் விட்டிருக்கிறார்கள், ஈரப்பத மீட்டர் இல்லாத காலத்துத் தச்சர்கள்.

நிழலில், காற்றோட்டத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. சூளையில் உலர்த்தினால் சில வாரங்கள். வீட்டுக்குள் பயன்படும் மரத்தில் ஈரம் எட்டு முதல் பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு துண்டை வெட்டி, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள்.

காடு மூடியபோது

நல்ல மரம் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது? விடையின் ஒரு பகுதி தமிழகத்தின் எல்லையில் தொடங்குகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் நடந்த மர வெட்டுக்கு எதிராக நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் அளித்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதும் அதிர்ந்தது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது; அனுமதியின்றி காட்டில் ரம்ப ஆலைகள் ஓடக்கூடாது; வடகிழக்கிலிருந்து மரம் வெளியே போகக்கூடாது. காடு என்ற சொல்லுக்கே அகராதிப் பொருள் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம்.

விளைவு? மரம் இரண்டு இடங்களிலிருந்து வரத் தொடங்கியது: கடல் கடந்தும், வயல் வரப்பிலிருந்தும். குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்தில் இறங்கும் நியூசிலாந்துப் பைன் கட்டைகளை அறுக்கவே அருகிலுள்ள காந்திதாமில் ஆலைகள் பெருகின. தேக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. 1840களில் பிரிட்டிஷ் ஆட்சி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்ட நாட்டில் இன்று இப்படி.

வயல் மரத்தின் கதை இன்னும் சுவையானது. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் கோதுமைக்கு நடுவே நடும் பாப்லர் மரம் ஆறேழு ஆண்டுகளில் வெட்டுக்கு வருகிறது. அதை உரித்துத்தான் ஹரியானாவின் யமுனாநகர் ஒட்டுப்பலகை செய்கிறது. கேரளத்தில் பால் வற்றிய ரப்பர் மரம், 25, 30 ஆண்டுகளுக்குப் பிறகு, பெரும்பாவூர் ஆலைகளுக்கும் மரச்சாமான் பட்டறைகளுக்கும் போகிறது. முன்பு வெறும் விறகாக எரிந்த மரம் அது. வெட்டிய சில நாள்களுக்குள் போராக்ஸ் மருந்து ஏற்றினால் பூஞ்சையும் வண்டும் அண்டாது, ஏற்றாவிட்டால் பொடியாகிவிடும்.

வட இந்தியாவின் செல்ல மரமான ஷீஷத்துக்கோ இரட்டை அடி. 1990களில் சாலையோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் ஷீஷம் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு 2017 ஜனவரியில் அதன் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. சஹாரன்பூர், ஜோத்பூர் ஏற்றுமதியாளர்கள் அனுமதிச் சீட்டுகளோடு அலைய நேர்ந்தது. பலர் மாமரத்துக்கு மாறினார்கள். 2022இல் சிறு பொருள்களுக்குக் கொஞ்சம் தளர்வு கிடைத்தது.

இவ்வளவையும் படித்த பிறகு, மரக்கடையில் கட்டை பொறுக்கும் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

நான்கு கால், நான்கு சட்டம்

வீட்டுச் சாமானை வீட்டிலேயே செய்வது ஏதோ மேல்நாட்டுப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு வட இந்தியக் கிராமத்துக்குப் போய்வரலாம். அங்கே முற்றத்தில் சாய்த்து வைத்திருக்கும் சார்பாய் வேறென்ன? நான்கு பாயா (கால்கள்), இரண்டு நெடுஞ்சட்டம், இரண்டு குறுஞ்சட்டம். தச்சர் துளை போட்டுக் கொடுத்தால், முஞ்சிப் புல் கயிறோ பருத்தி நாடாவோ கொண்டு வீட்டு மனிதர்களே பின்னிக்கொள்வார்கள். கால்மாட்டில் 'அத்வான்' என்ற தனிக் கயிறு. கட்டில் தொய்ந்தால் அதை மட்டும் இழுத்துக் கட்டினால் போதும், மறுபடி விறைக்கும்.

14ஆம் நூற்றாண்டில் டெல்லிக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா இந்தக் கட்டிலைப் பார்த்து வியந்து எழுதிவைத்திருக்கிறார். பயணம் போகிறவர் கட்டிலையும் ஆள்மேல் ஏற்றிக் கூடவே கொண்டுபோகும் அளவுக்கு அது லேசாம். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளில் அதன் அமைப்பு அதிகம் மாறவில்லை. மாற்றத் தேவை வரவில்லை. கழற்றலாம், பழுது பார்க்கலாம், வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி விரட்டலாம். என் பெட்டிக் கட்டிலில் இதில் ஒன்றும் முடியாது.

கை வேலையைக் கௌரவமாக்க ஒருவர் முயன்றதும் உண்டு. 1910இல் தென்னாப்பிரிக்காவில், நண்பர் கல்லன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார் காந்தி. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள், அவர்களில் பல தமிழர்கள், அங்கே குடியேறின. வேலைக்காரர் கிடையாது. பெஞ்சு முதல் பெட்டி வரை தேவையானதைத் தாங்களே செய்துகொண்டார்கள். தச்சு வேலை தெரிந்த கல்லன்பாக்தான் ஆசிரியர். 1937இல் வார்தா மாநாட்டில் கைத்தொழில் வழிக் கல்வி என்று காந்தி முன்வைத்த திட்டத்துக்கு அந்தப் பண்ணையும் ஒரு விதை. சுதந்திர இந்தியாவின் பள்ளிகளில் அது 'எஸ்.யு.பி.டபிள்யு.' என்று சுருங்கி, வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில் ஊதுவத்தி ஸ்டாண்டு செய்வதோடு முடிந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் பழகட்டும் என்கிறது. என் மகள் ஏழாம் வகுப்பு. அந்தப் பத்து நாள் அவள் பள்ளிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மிஸ்திரியின் பாடம்

கோணிப்போன கட்டிலைப் பார்க்க வந்தவர் எங்கள் குடியிருப்பில் சமையலறை அலமாரிகள் செய்யும் மிஸ்திரி. சஹாரன்பூர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குபவர். சட்டத்தைத் தடவிப் பார்த்தார். மூக்கருகே வைத்து மோந்தார். சிரித்தார். "சார்ஜி, இது இன்னும் மரம்தான். கட்டையாகவே இல்லை."

எனக்காக ஒரு கட்டில் செய்து தரும்படி கேட்டேன். கல்யாண சீசன், நேரமில்லை என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "செய்யத் தொடங்கிவிட்டீர்கள், நீங்களே முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில் வந்து பார்க்கிறேன்" என்றார். கூலி பேசினேன்; வாங்கிக்கொண்டார். பாடத்துக்கும் கூலி உண்டு என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

முதல் பாடம் மரம். புது மரத்தை விட்டுவிட்டு, பழைய வீடுகளை இடித்து எடுத்த சாமான் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார். கதவு நிலை, ஜன்னல் சட்டம், உத்தரத் துண்டுகள். பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் பார்த்துக் காய்ந்து முடித்த தேக்கு. ஆணி ஒளிந்திருக்கும், அது இழைப்புளியின் அலகைத் தின்றுவிடும். அதனால் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று நிலைச் சட்டங்களில் பதினேழு ஆணிகள் எடுத்தோம். இந்த வாணிபம் நாடெங்கும் உண்டு. மும்பை ஜோகேஷ்வரியின் ஓஷிவாராவில் பழைய மரச்சாமான் தெருவே இருக்கிறது. குஜராத்தின் அலங்கில் உடைக்கும் கப்பல்களின் மேஜை நாற்காலிகள் சாலையோரக் கடைகளில் விற்கின்றன. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களே கிடைக்கும். ஆனால் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் மட்டும் படுக்கையறைச் சாமான் வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்கத் தார் எண்ணெய் ஊறவைத்தவை அவை.

இரண்டாவது பாடம் கருவி. இழைப்புளிக்கு இங்கே ரந்தா என்று பெயர், மூலைமட்டத்துக்கு குனியா, வாச்சிக்கு பசூலா. என் உளியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சாணைக்கல்லை எடுத்தார். ஒரு ஞாயிறு முழுக்கச் சாணை பிடித்ததுதான் வேலை. மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும், கூரான உளி அல்ல. மழுங்கியதைத்தான் நாம் பலம் கொண்டு தள்ளுகிறோம்.

மூன்றாவது பாடம் மூட்டு. திருகாணிகளை எல்லாம் கழற்றச் சொன்னார். காலில் ஒரு துளை. சட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் இறுக்கமாக இறங்கும் ஒரு நாக்கு. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. கையால் தள்ளிப் பாதி இறங்க வேண்டும், கொட்டாப்புளியால் தட்டி மீதி. தானாக விழுந்தால் தளர்வு. அடித்தும் இறங்காவிட்டால் துளை வெடிக்கும். நான் நான்கு துளை வெட்டும் நேரத்தில் அவர் பேசிக்கொண்டே ஆறு வெட்டினார்.

ஐந்தாவது ஞாயிறு, துளை வெட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போட்டு எட்டு வருஷம் இருக்கும்" என்றார். இப்போதெல்லாம் அவருக்கு வேலை ஒட்டுப்பலகை வெட்டுவது, மைக்கா ஒட்டுவது, கீல் மாட்டுவது. மூட்டு போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆகும் கூலியைக் கொடுப்பதுமில்லை. அப்பாவிடம் பத்து வயதில் கற்றது. மகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். மகன் குருகிராமில் மோட்டார் சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் பதினெட்டுக் கைத்தொழில்களுக்குப் பயிற்சியும் கருவி வாங்க 15,000 ரூபாய் வரையும் தருகிறது. தச்சும் அதில் ஒன்று. நல்ல விஷயம்தான். ஆனால் மிஸ்திரிக்குக் குறைவது கருவி அல்ல. மூட்டுக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரிந்து, அதற்குக் கொடுக்கவும் தயாராக இருக்கும் வாடிக்கையாளர்.

நான் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தானே செய்து பார்த்தவன் தச்சரின் பிழைப்பைக் கெடுப்பதில்லை. ஒரு துளைக்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவன் அடுத்தமுறை கூலியில் பேரம் பேச மாட்டான்.

அம்மாவுக்குத்தான் முதலில் பிடிக்கவில்லை. "படிச்சு வேலைக்குப் போறவனுக்கு எதுக்குடா இந்த ஆசாரி வேலை?" நம் வீடுகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. மூளை ஒரு ஜாதிக்கு, கை ஒரு ஜாதிக்கு என்று பங்கு பிரித்த சமூகத்தில், பால்கனியில் மரத்தூளோடு நிற்கும் மகனைப் பார்க்க அவருக்குக் கூச்சம். ஆனால் மிஸ்திரி வரும் நேரத்துக்கு டீயோடு தட்டையும் எடுத்து வைக்கத் தொடங்கினார். ஹிந்தி தெரியாத அம்மாவும் தமிழ் தெரியாத மிஸ்திரியும் கையால் உயரம் காட்டிப் பேசிக்கொண்டார்கள். கட்டிலின் முக்கியமான பகுதி அந்தப் பேச்சில்தான் பிறந்தது.

கட்டிலின் கணக்கு

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவுகள் இதோ. மெத்தை 75 அங்குல நீளம், 36 அங்குல அகலம், 4 அங்குல உயரம். மெத்தையைத் தாங்கும் பட்டிகளின் மேல்பக்கம் தரையிலிருந்து பதின்மூன்றரை அங்குலம். உட்காரும்போது மெத்தை ஓர் அங்குலம் அமுங்கும், மீதி பதினாறரை. பாதம் முழுக்கத் தரையில் பதியும், எழுவதற்குச் சற்று உயரமும் கிடைக்கும். உங்கள் வீட்டில் அளவு வேறாக இருக்கும். நாற்காலியில் உட்காரவைத்து முழங்கால் மடிப்பை அளந்து, ஓரிரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கால்கள் இரண்டரை அங்குலச் சதுரம். சட்டங்கள் ஐந்து அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். மூன்று அங்குலப் பட்டிகள் பதினான்கு, இடையே இரண்டு அங்குல இடைவெளி. மெத்தைக்குக் காற்று வேண்டும். சுத்தக் கணக்கில் மரம் இரண்டு கன அடிக்குச் சற்றுக் கூடுதல். சேதாரத்தோடு மூன்று கன அடி வாங்கினேன். தலைமாட்டுச் சட்டகமும் கால்மாட்டுச் சட்டகமும் மூட்டும் பசையுமாக நிரந்தரம். நெடுஞ்சட்டங்கள் மட்டும் போல்ட்டில். "வீடு மாறும்போது?" என்று மிஸ்திரி கேட்டிருக்காவிட்டால் அதையும் ஒட்டியிருப்பேன், கட்டில் அறையைவிட்டு வெளியே வந்திருக்காது.

பிறகு அந்த முக்கியமான பகுதி. தலைமாட்டிலிருந்து இரண்டடி தள்ளி, பக்கச் சட்டத்தோடு போல்ட் போட்டுத் தரையில் ஊன்றிய ஒரு கம்பம், 28 அங்குல உயரம். மேல்முனையை அம்மாவின் உள்ளங்கைக்கு ஏற்ப உருட்டியிருக்கிறது. மூன்றுமுறை பிடித்துப் பார்க்கச் சொல்லி மூன்றுமுறை இழைத்தோம். எந்தக் கடையிலும் இது கிடைக்காது. அவர் கை யாருக்கும் தெரியாது.

மேல்பூச்சுக்கு அரக்கு. ஜார்க்கண்டில் பெருமளவு விளையும் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்ப்பது பழைய முறை. நெடி இரண்டு நாளில் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள். இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்கு நண்பன் அல்ல.

எந்தச் சாமானில் தொடங்குவது? கட்டிலில் வேண்டாம், நான் பட்டது போதும். ஒரு முக்காலி அல்லது குழந்தையின் புத்தகத் தட்டு. மரம் காயக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் நல்ல ஒட்டுப்பலகையில் தொடங்கலாம், அது கோணாது. ஈரம் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710, அறைக்குள் புழங்கும் சாமானுக்கு ஐ.எஸ். 303 என்று முத்திரை பார்த்து வாங்குங்கள். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்குப் பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தச்சுப் பயிற்சி மையம் இருக்கிறது. அதைவிட அருகில், உங்கள் தெருவிலேயே, வெகுநாளாக மூட்டு போடாத ஒரு தச்சர் இருக்கக்கூடும்.

பணம் மிச்சமானதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. கருவிகள், முதலில் பாழான மரம், மிஸ்திரியின் கூலி எல்லாம் சேர்த்தால் கீர்த்தி நகரில் இரண்டு கட்டில் வாங்கியிருக்கலாம். மரத்தில் மட்டும் நஷ்டமில்லை: கோணிப்போன ஷீஷம் சட்டங்கள் பரணுக்குப் போயின. காய்ந்து அடங்கியதும் மகளுக்கு மேஜை. அவள் ஏற்கெனவே அளவெடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு கட்டில் உள்ளே போனது. மிஸ்திரி ஒரு மூலையில் உட்கார்ந்து உடம்பை இருபக்கமும் ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. தலையசைத்தார். அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெருக்க வசதியா இருக்கு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டரை மணி இருக்கும், அம்மாவின் அறையில் அசைவு. எழுந்து கதவோரம் நின்றேன். இருட்டில் அவர் கை நீண்டு கம்பத்தைத் தேடிப் பிடித்தது. பாதங்கள் பின்னுக்கு நகர்ந்தன. எழுந்து நின்றார். ஒரு நொடி நிதானித்து, விளக்கைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

நான் திரும்பி வந்து படுத்தேன். பெட்டிக் கட்டிலில்தான்.